முதல் சர்க்யூட்டுக்கு எல்இடியா, டார்ச் பல்பா?

பொண்ணுக்கு ஸ்கூல்ல மின்சுற்று பாடம் ஆரம்பிச்சதும் வீட்லயே செஞ்சு காட்டலாம்னு உக்காந்தேன். முதல்ல கைல எடுத்தது எல்இடி தான், ரெண்டு நாள் அதோட மல்லுக்கட்டிட்டு அப்புறம் டார்ச் லைட்ல போடற அந்த சின்ன கண்ணாடி பல்புக்கு மாறிட்டேன். அதனால நான் பல்பு கட்சி, இப்பவே சொல்லிடறேன்.

எல்இடியோட பெருமை எல்லாருக்கும் தெரிஞ்சது தான். கலர் கலரா எரியும், கீழ விழுந்தா உடையாது, 20 மில்லிஆம்பியர் போதும். 0.3 ஆம்பியர் பல்பு அதவிட 15 மடங்கு இழுக்கும், செல்லு சீக்கிரம் தீந்துடும். இதுல மறுபேச்சு இல்ல.

ஆனா எரியலன்னா என்ன பண்றதுன்னு யோசிங்க. எனக்கு மொத்த விஷயமும் அங்க தான் இருக்கு. எல்இடி எரியலன்னா கால மாத்தி மாட்டியிருக்கலாம் (நீளமான கால் தான் பிளஸ்), வயர் லூசா இருக்கலாம், வோல்டேஜ் பத்தாம இருக்கலாம், ஏற்கனவே கருகிப் போயிருக்கலாம், நாலுக்கும் வெளிய தெரியறது ஒண்ணே தான், இருட்டு. ஒரு செல்லு 1.5 வோல்ட், சிவப்பு எல்இடிக்கே 1.8லருந்து 2 வோல்ட் வேணும், நீலம் வெள்ளைக்கெல்லாம் 3 கிட்ட. பொண்ணு எல்லாத்தையும் சரியா மாட்டிட்டு "எரியலயேப்பா"ன்னு பாக்கறா, சுற்று மூடினா கரண்ட் ஓடும்னு அப்பத்தான் சொல்லிக் குடுத்திருந்தேன், என் பேச்சு பொய்யாப் போச்சு. சரின்னு 9 வோல்ட் பேட்டரிக்குப் போனா ரெசிஸ்டர் (கரண்ட மட்டுப்படுத்தற மின்தடை) இல்லாம மாட்டக் கூடாது. 9 வோல்ட்ல எல்இடிக்கு 2 போனா மிச்சம் 7, அத 0.02 ஆம்பியரால (20 மில்லிஆம்பியர்) வகுத்தா 350 ஓம், கொஞ்சம் கூடவே 470 ஓம் போட்டா பயமில்லாம எரியும். கணக்கு சின்னது தான், ஆனா ஓம் விதியே (வோல்டேஜ், கரண்ட், மின்தடை மூணுக்கும் உள்ள கணக்கு) இன்னும் படிக்காத புள்ளைக்கு அந்த ரெசிஸ்டர் அங்க எதுக்குன்னு என்னத்த சொல்ல.

பல்புல இந்த வம்பே இல்ல. பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படி மாட்டினாலும் எரியும். 2.5 வோல்ட் பல்பு ஒரு செல்லுக்கு மங்கலா, ரெண்டு செல்லுக்கு பளிச்சுனு. போச்சுன்னா இழை அறுந்தது கண்ணாடி வழியா கண்ணுக்கே தெரியும், நான் ஆர்வக்கோளாறுல ஒண்ண 9 வோல்ட்ல வச்சு போக்கினேன், 'சுற்று திறந்துடுச்சு'ன்னா என்னன்னு அவளுக்கு அதுல தான் புரிஞ்சுது. ரெண்டு பல்ப தொடர் இணைப்புல (ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா) போட்டா ரெண்டும் மங்கும், ஒண்ணக் கழட்டினா மத்ததும் அணையும், பக்க இணைப்புல (ஒவ்வொண்ணுக்கும் தனி வழி) ரெண்டும் நல்லா எரியும், பாடத்துல இருக்கறது அப்படியே. அதே ரெண்டு செல்லுக்கு ரெண்டு சிவப்பு எல்இடிய தொடர்ல மாட்டிப் பாருங்க, மங்கறதெல்லாம் இல்ல, எரியவே எரியாது. சிவப்பையும் நீலத்தையும் 9 வோல்ட்ல ஒரே ரெசிஸ்டருக்கு அப்புறம் பக்க இணைப்புல விட்டா சிவப்பு மட்டும் எரியும், நீலம் சும்மா நிக்கும்.

ஆற்றல் மாற்றத்துக்கும் பல்பு தான். கொஞ்ச நேரம் எரிய விட்டு தொடச் சொன்னேன், சுட்டுது. உள்ள போற மின்சாரத்துல வெளிச்சமா வர்றது நூத்துக்கு 5 கூட தேறாது, மிச்சமெல்லாம் வெப்பம் தான்.

பல்புலயும் ஒரு ஓட்டை இருக்கு. டங்ஸ்டன் இழை சூடாக சூடாக மின்தடை ஏறும், அதனால வோல்டேஜ பாதியாக்கினா கரண்ட் பாதியாகாது, பாதிக்கு மேலயே நிக்கும். ஓம் விதிக்கு கிராஃப் போட பல்ப எடுத்துடாதீங்க, கோடு வளையும், அங்க வெறும் ரெசிஸ்டர் போதும்.

இதெல்லாம் ஒரே பொண்ண வச்சு ஒரு மேஜை மேல பாத்தது. 40 பேர் இருக்கற வகுப்புல செல்லு வாங்கி மாளாது, அங்க ரெசிஸ்டர சேத்தே ஒட்டின எல்இடி தான் சரிப்பட்டு வருமோ என்னவோ. என் எல்இடிங்கள டப்பால போட்டு வச்சிருக்கேன், டயோடு (கரண்ட ஒரு பக்கமா மட்டும் விடறது, எல்இடியும் அதுல ஒண்ணு) பாடம் வரும்போது எடுத்துக்கலாம்.