ஐஎல்ஓஸ்டாட் தரவுத்தளம்: வேலையின்மை விகிதத்தைத் தாண்டிப் போனால் பயனுண்டு

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் புள்ளியியல் துறை நடத்திவரும் ஐஎல்ஓஸ்டாட், வேலைவாய்ப்பு, ஊதியம், வேலை நேரம், சமூகப் பாதுகாப்பு எனப் பல தலைப்புகளில் உலக நாடுகளின் புள்ளிவிவரங்களைக் கட்டணமின்றி வழங்கும் இணையத் தரவுத்தளமாகும். வளரும் நாடுகளில் உழைப்புச் சந்தைக்கும் வறுமைக்கும் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியோடு இதற்குள் நுழைபவருக்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன். தேவையான தரவில் பெரும்பகுதி இங்கே கிடைக்கிறது. ஆனால் எல்லோரும் முதலில் தேடிப்போகும் வேலையின்மை விகிதம் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய உதவாது என்பதைப் புதியவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாடுகளை வேலையின்மை விகிதப்படி வரிசைப்படுத்திப் பார்த்தால் இது உடனே புலப்படும். மிக வறிய நாடுகளில் ஒன்றான நைஜரும், வருமானம் குறைந்த கம்போடியாவும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேலையின்மையோடு நிற்க, அவற்றைவிடத் தலா வருமானம் மிக அதிகமுள்ள தென்னாப்பிரிக்கா 30 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. தரவு பிழையானது என்று இதற்குப் பொருளில்லை. கணக்கெடுப்பு வாரத்தில் ஊதியத்துக்கோ ஆதாயத்துக்கோ ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாமல், வேலை தேடிக்கொண்டும், கிடைத்தால் சேரத் தயாராகவும் இருப்பவரே வரையறைப்படி வேலையில்லாதவர். வேலையில்லாக் காலத்துக்கு அரசின் உதவித்தொகை ஏதும் இல்லாத நாட்டில், அப்படிக் காத்திருப்பதற்கே கையில் கொஞ்சம் காசு வேண்டும். அது இல்லாதவர் தெருவில் எதையாவது விற்கிறார், உறவினரின் நிலத்தில் கூலியின்றி உழைக்கிறார். கணக்கெடுப்பில் இருவருமே வேலையில் உள்ளவர்கள். வளரும் நாட்டு வறுமையின் பெரும்பகுதி வேலையில் இருப்பவர்களின் வறுமைதான்.

கொரோனா காலத்து எண்களும் இதையே சொல்கின்றன. 2021 ஜனவரியில் இந்த அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2020இல் உலக அளவில் வேலையிழந்தோர் 11.4 கோடி பேர். அவர்களில் வேலையில்லாதோர் கணக்கில் சேர்ந்தவர்கள் 3.3 கோடிதான், எஞ்சிய 8.1 கோடிப் பேர் வேலை தேடுவதையே விட்டு, வேலையில் உள்ளோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த தொழிலாளர் படையிலிருந்து வெளியேறியவர்கள். வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் பாதிப்பின் பெரும்பகுதி கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே இத்தளத்தைத் திறப்பவர் நேரே போக வேண்டிய இடங்கள் இரண்டு: வேலையில் உள்ளோரின் தொழில்நிலை பற்றிய அட்டவணைகளும், முறைசாரா வேலைவாய்ப்பு, அதாவது சட்டப் பாதுகாப்போ சமூகப் பாதுகாப்போ இல்லாத வேலை, பற்றிய அட்டவணைகளும். தளத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பேன். முதல் வகை அட்டவணை, சம்பளத்துக்கு உழைப்பவர், ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர், தனியாகச் சொந்தத் தொழில் செய்பவர், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர் என்று மக்களைப் பிரித்துக் காட்டுகிறது. குறைந்த வருமான நாடுகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் சம்பளக்காரர் அல்லர் என்பது தெரிந்ததும், குறைந்தபட்ச ஊதியச் சட்டமோ வேலைநீக்கப் பாதுகாப்போ அங்கே நேரடியாக எத்தனை பேரைத் தொடும் என்ற கேள்வி தானாகவே எழுகிறது. இரண்டாவது வகை இன்னும் வெளிப்படையானது. 2018இல் இந்த அமைப்பு வெளியிட்ட கணக்குப்படி உலகில் சுமார் 200 கோடிப் பேர், அதாவது வேலையில் உள்ளோரில் பத்தில் ஆறு பேருக்கு மேல், முறைசாரா வேலையில் இருந்தனர். முறைசாரா நிறுவனத்தில் வேலை செய்வதும் முறைசாரா வேலையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் தளம் கவனமாகப் பிரித்துக் காட்டுகிறது; பதிவு பெற்ற தொழிற்சாலையிலேயே ஒப்பந்தமோ ஓய்வூதியமோ இன்றி வேலை செய்பவர் இரண்டாவதில் வருவார், முதலாவதில் வரமாட்டார். நாளிதழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் குழப்பிவிடுகின்றன.

வளர்ச்சி பற்றிய கேள்விக்குத் துறைவாரி வேலைவாய்ப்புத் தொடரையும், ஒரு தொழிலாளருக்கான உற்பத்தி மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1991இல் உலகத் தொழிலாளர்களில் நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டோர் வேளாண்மையில் இருந்தனர். இப்போது அது நான்கில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது. குறைந்த வருமான நாடுகளிலோ இன்னும் ஏறத்தாழ 60 விழுக்காடு. நிலத்தை விட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. ஆலைகளுக்குப் போன இடங்களில் ஒரு தொழிலாளருக்கான உற்பத்தி வேகமாக உயர்ந்தது. நகரத்துச் சில்லறை வணிகத்துக்கும் சுமைவேலைக்கும் போன இடங்களில் துறையின் பெயர் மாறியதே தவிர வருமானம் அவ்வளவாக மாறவில்லை. உபரி உழைப்பு, அதாவது வேளாண்மை போன்ற பழைய துறைகளில் தேவைக்கு மேல் இருக்கும் ஆட்கள், தீரும்வரை நவீனத் துறையின் கூலி ஏறாது என்று 1954இல் பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் முன்வைத்த கருத்தை ஒரு நாட்டின் இருபது, முப்பது ஆண்டுத் தரவோடு பொருத்திப் பார்க்க விரும்பும் மாணவருக்கு இதைவிட வசதியான இடத்தை நான் அறியேன்.

வறுமையையும் வேலையையும் ஒரே எண்ணில் இணைக்கும் குறியீடும் உண்டு. உழைக்கும் ஏழைகள் விகிதம் என்னும் அது, வேலையில் இருந்தும் பன்னாட்டு வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களில் வாழ்பவர்களை எண்ணுகிறது. மிகவும் பயனுள்ள குறியீடு என்றாலும், அது எதை அளக்கிறது என்பதில் எச்சரிக்கை தேவை. அளக்கப்படுவது தொழிலாளியின் கூலி அல்ல, அவர் வாழும் குடும்பத்தின் தலா நுகர்வு அல்லது வருமானம். ஓரளவு நல்ல கூலி பெறும் ஒருவர் ஆறு பேரைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் ஏழையாக எண்ணப்படுவார். மிகக் குறைந்த கூலிக்கு உழைக்கும் பெண், வசதியுள்ள வீட்டில் வாழ்ந்தால் ஏழைகள் கணக்கில் வரமாட்டார். கூலி உயர்ந்ததால் விகிதம் குறைந்ததா, வீட்டில் இன்னொருவர் வேலைக்குப் போனதால் குறைந்ததா, குழந்தைகள் எண்ணிக்கை குறைந்ததால் குறைந்ததா என்பதை இந்த ஒற்றை எண் சொல்லாது. வறுமைக் கோடும் நிலையானதன்று. 2022இல் நாளொன்றுக்கு 2.15 டாலராக இருந்த கோடு, நாடுகளின் விலைவாசியை ஒப்பிடும் வாங்கும் திறன் கணக்கும் வறிய நாடுகளின் தேசிய வறுமைக் கோடுகளும் மாறியதால் 2025இல் 3 டாலராயிற்று. பழைய அறிக்கையின் எண்ணையும் புதிய அட்டவணையின் எண்ணையும் ஒப்பிடுபவர் ஏழைகள் திடீரென்று பெருகிவிட்டதாக முடிவுகட்டிவிடக்கூடும்.

இத்தளத்தின் மேல் எனக்குள்ள முதன்மையான குறை, அளந்த எண்ணும் மதிப்பிட்ட எண்ணும் திரையில் ஒரே தோரணையில் நிற்பதுதான். வறிய நாடுகள் பலவற்றில் தொழிலாளர் படைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடப்பதில்லை. இடைவெளி பல ஆண்டுகள் நீள்வதும் உண்டு. அந்த இடைவெளிகளைப் புள்ளியியல் மாதிரிகளை (கணித மாடல்களை) கொண்டு நிரப்பி, ஒவ்வோராண்டுக்கும் ஓர் எண் தருகிறார்கள். உலக மொத்தத்தைக் கணக்கிட அது தவிர்க்க முடியாதது. ஆனால் அதே எண்ணை வைத்து ஒரு குறிப்பிட்ட நாட்டில் சட்டத் திருத்தத்துக்குப் பின் வேலைவாய்ப்பு கூடியது என்று வாதிடுவது, அந்த மாதிரியின் அனுமானத்தையே சான்றாகக் காட்டுவதாகிவிடும். தலைப்பில் மதிப்பீடு என்ற குறிப்பு இருக்கிறது, கோப்பின் குறியீட்டிலும் இதற்கென 2 என்ற எண் இடம்பெறுகிறது. இருந்தாலும் படமாக வரைந்தபின் இவையெல்லாம் மறைந்துபோகின்றன. ஒவ்வொரு வரியிலும் உள்ள மூலம் என்னும் நெடுவரிசையையும், தொடர் முறிவு (அளக்கும் முறை மாறியதால் முன்பின் ஆண்டுகளை ஒப்பிட முடியாமை), நம்பகம் குறைவு போன்ற குறிப்புகளையும் படிக்காமல் ஒரு வரைபடம்கூட வரையக்கூடாது.

தொடர் முறிவுக்கு 2013ஆம் ஆண்டின் வரையறை மாற்றம் முக்கியமான காரணம். அவ்வாண்டு கூடிய 19ஆவது பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, முதன்மையாகத் தம் வீட்டுத் தேவைக்கே பயிர் செய்வோரை வேலையில் உள்ளோர் பட்டியலிலிருந்து விலக்கியது. அவர்கள் செய்வதும் உழைப்புதான். ஆனால் வேலைவாய்ப்பு ஆகாது. கருத்தளவில் எனக்கு இதில் உடன்பாடே. ஆனால் சொந்தத் தேவைக்கான வேளாண்மை மிகுந்த நாடுகளில் இதனால் வேலையில் உள்ள பெண்களின் விகிதம் சட்டென்று சரிகிறது. புதிய வரையறையைச் சில நாடுகள் ஏற்றுக்கொண்டன, சில இன்னும் பழையதிலேயே இருக்கின்றன. இரண்டு முறைக்கும் தனித்தனித் தொடர்களைத் தளம் வைத்திருப்பது நேர்மையான ஏற்பாடு.

இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். ஊதிய அட்டவணைகள் பெரும்பாலும் சம்பளக்காரர்களையே உள்ளடக்கியவை. ஏழைகளில் பெரும்பாலோர் இருக்கும் சொந்தத் தொழில் வருமானம் பற்றி அவற்றில் அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. ஒரே மனிதர் இந்த ஆண்டு முறைசாரா வேலையிலிருந்து அடுத்த ஆண்டு முறையான வேலைக்கு ஏறினாரா என்பதையும் இந்த அட்டவணைகளில் பின்தொடர முடியாது, ஏனெனில் அவை காட்டுவது ஒவ்வொரு காலத்தின் நிலையை மட்டுமே. நகரத்தில் நல்ல வேலைகள் உருவானால் அவற்றை எதிர்பார்த்து வருவோரால் அங்கே வேலையின்மை கூடவும் கூடும் என்று 1970இல் பொருளியலாளர்கள் ஹாரிஸும் டொடாரோவும் சொன்னதைச் சோதிக்க, இங்குள்ள நகர, கிராமப் பிரிப்பு தொடக்கப் புள்ளியாக உதவும், அதற்கு மேல் போகாது.

பயன்பாட்டில் பெரிய சிரமம் இல்லை. வடிகட்டிப் பார்க்கும் பக்கம் போதிய தெளிவோடு இருக்கிறது; மொத்தமாகப் பதிவிறக்கும் வசதியும் ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழிக்கான ரிலோஸ்டாட் தொகுப்பும் உண்டு. ஒரு நாட்டின் பொது நிலையை அறிய விரும்பும் இதழாளருக்கு நாட்டு விவரப் பக்கமே போதும். ஆய்வு செய்பவர்கள் மொத்தக் கோப்பை இறக்கி, கணக்கெடுப்பு மூலமுள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, தொடர் முறிந்த ஆண்டுகளைத் தனியே குறித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். கைவசம் எஞ்சும் ஆண்டுகள் குறைவாகத்தான் இருக்கும்.