அட்டையில் 60 நாள், வாயில் 40 நாள்: டெரியர் குட்டி வாங்குவோர் கவனத்திற்கு

கிருஷ்ணகிரியில் வசிக்கும் நாங்கள் கடந்த மாதம் 28,000 ரூபாய் கொடுத்து யார்க்‌ஷயர் டெரியர் என்னும் சிறிய இன நாய்க்குட்டி ஒன்றை வாங்கி, ஒன்பதே நாளில் பறிகொடுத்தோம். கைபேசி விளம்பரத்தைப் பார்த்து ஓசூர், பெங்களூரு பக்கம் குட்டி வாங்க எண்ணியிருப்பவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும்.

நாங்கள் விசாரிக்காமல் வாங்கவில்லை. விளம்பரப் படத்தில் இருந்த நாய்க்கு எஃகு நீல நிற முடி பட்டுப்போல் தொங்கியது. காணொளியில் காட்டிய குட்டியோ கன்னங்கரேலென்று, முகவாயிலும் கால்களிலும் மட்டும் பழுப்பாக இருந்தது. வேறு இனத்தைத் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று கேட்டோம். இந்த இனக் குட்டிகள் கறுப்பும் பழுப்புமாகவே பிறக்கும், வளர வளரத்தான் நிறம் மாறும் என்றார் விற்பவர். விசாரித்ததில் அது உண்மைதான். அந்த ஒன்றில் அவர் உண்மை சொன்னதாலேயே மற்ற எல்லாவற்றையும் நம்பிவிட்டோம் என்பது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, வீட்டில் கட்டட வேலை நடக்கிறது என்று சொல்லி, சூளகிரி அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் கூடையில் வைத்துக் குட்டியைக் கொடுத்தார். தடுப்பூசி அட்டையில் வயது 60 நாள் என்றும், முதல் ஊசி போட்டாயிற்று என்றும் எழுதி ஒரு கையெழுத்து இருந்தது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் குட்டி அதற்குள் என் மகளின் துப்பட்டாவுக்குள் சுருண்டுகொண்டது.

மூன்றாம் நாள் இரவு அது மஞ்சள் நுரையாகக் கக்கியது. விடிவதற்குள் இரத்தம் கலந்து, அழுகல் வாடையுடன் கழியத் தொடங்கியது. அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ஈறு வெளுத்து, உடல் சில்லிட்டுக் கிடந்தது. இவ்வளவு சிறிய இனக் குட்டிகள் ஒரு வேளை சாப்பிடாவிட்டாலே இரத்தச் சர்க்கரை சரேலென இறங்கிவிடும் என்பதால், மருத்துவர் முதலில் குளுக்கோஸ் ஏற்றினார். பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்தன: நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ். பிறகு அவர் கட்டைவிரலால் மெல்ல வாயைத் திறந்து காட்டினார். பின்பக்கப் பால்பற்கள் அப்போதுதான் ஈற்றைக் கீறிக்கொண்டு வெளிவந்திருந்தன. “சின்ன இனத்துக்குப் பல் கொஞ்சம் தாமதமாத்தான் வரும் சார், அப்படிப் பார்த்தாலும் இதுக்கு 40 நாளுக்கு மேல இருக்காது” என்றார்.

அதாவது, அட்டையில் உள்ள தேதியில் ஊசி போட்டிருந்தால் குட்டிக்கு அன்று நான்கு வாரம்கூட ஆகியிருக்காது. உண்மையில் போட்ட ஊசிக்கு, மருந்துக் குப்பியிலிருந்து உரித்த, தொகுதி எண்ணுள்ள சீட்டை அட்டையில் ஒட்டுவார்கள். எங்கள் அட்டையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், விற்கும் குட்டிக்கு மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும் என்று நாய் இனப்பெருக்கம் குறித்த 2017ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறுகின்றன. பதிவுச் சான்றை நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பேச்சு அன்றே முடிந்திருக்கும்.

ஆறு நாள் சொட்டு மருந்து ஏற்றியும் குட்டி பிழைக்கவில்லை. விற்பவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பணம் போன கணக்கின் பெயரும் அவர் சொன்ன பெயரும் வேறு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பின் முகவரி இல்லாமல் நான் தடுமாறுகிறேன். ஆகவே முகவரியுடன் கூடிய ரசீது தராதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இந்த வைரஸ் வீட்டிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும் என்பதால், தடுப்பூசி வரிசை முடியாத வேறு குட்டியை இப்போதைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதேபோல் சாலையோரத்தில் குட்டி வாங்கி ஒரு வாரம்கூட ஆகாதவர்கள் யாரேனும் இதைப் படித்தால், அது ஒரு முறை கக்கினாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.