3ஜி நின்ற பிறகு வாங்கிய கைத்தொலைபேசி: வவுனிக்குளத்தில் மூன்று மாரிகால அனுபவம்

2023 தை மாதத்தில் எங்கள் வீட்டிலிருந்த மூன்று கைத்தொலைபேசிகளிலும் ஒரே வாரத்தில் வட்ஸ்அப் படங்கள் திறக்காமற் போயின. அவற்றில் ஒன்றும் பழுதாகியிருக்கவில்லை. நாங்கள் பாவித்துவந்த வலையமைப்பு எங்கள் பக்கத்துக் கோபுரத்தில் 3ஜி சேவையை நிறுத்தியிருந்தது. 3ஜி வரை மட்டுமே எட்டக்கூடிய அந்தக் கருவிகள் 2ஜிக்கு இறங்கி, அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் உதவுபவையாகிவிட்டன. இலங்கையில் 2006இல் தொடங்கிய 3ஜிக்குரிய அலைக்கற்றையை 4ஜிக்குக் கொடுத்தால் அதே அளவு கற்றையில் கூடுதலான தரவை அனுப்பலாம் என்பதால் உலகெங்கும் நிறுவனங்கள் இப்படிச் செய்கின்றன. காரணம் விளங்குகிறது. ஆனாலும், வயலையும் ஓர் ஆசிரியச் சம்பளத்தையும் நம்பியிருக்கும் எங்கள் வீட்டுக்கு அது எதிர்பாராத பெரிய செலவு.

கிளிநொச்சியில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லோரும் கமெராவைப் பற்றியும் நினைவகத்தைப் பற்றியுமே பேசினார்கள். நான் கேட்ட கேள்விகள் இரண்டு: கருவியில் வோல்டி (VoLTE), அதாவது 4ஜியிலேயே பேசும் வசதி, இருக்கிறதா, 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் அது 4ஜியைப் பிடிக்குமா. இவ்விரண்டையும் கேட்காமல் வன்னியின் உட்கிராமங்களில் இருப்பவர்கள் கருவி வாங்கக் கூடாது என்பதே மூன்று மாரிகளுக்குப் பின்னும் என் உறுதியான கருத்து.

வோல்டி என்பது 4ஜியின் வழியாகவே குரலை அனுப்பும் முறையாகும். 4ஜி அடிப்படையில் தரவுக்கென அமைந்தது. வோல்டி இல்லாத கருவிக்கு அழைப்பு வரும்போது அது 4ஜியை விட்டுப் பழைய வலையமைப்புக்கு இறங்கித்தான் பேசவேண்டும். முன்பு 3ஜி இருந்தபடியால் பேசிக்கொண்டே இணையத்தையும் பாவிக்க முடிந்தது. இப்போது இறங்குவதற்கு 2ஜி மட்டுமே மிஞ்சியிருப்பதால், அழைப்பு இணைவதற்குச் சில விநாடிகள் கூடுதலாகப் பிடிப்பதோடு, பேசி முடியும்வரை இணையமும் நின்றுவிடுகிறது. 2024இல் காலபோக அறுவடை நேரத்தில் அயல் வீட்டுப் பெரியவரைப் பாம்பு தீண்டியபோது நான் இலவச அம்புலன்ஸ் சேவையான 1990 சுவசெரியவை அழைத்தேன். அழைப்பு உடனே இணைந்தது. குளக்கட்டுப் பாதையில் எந்த ஒழுங்கைக்குள் திரும்பவேண்டும் என்று சாரதிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாயால் விளக்க முடியாத அந்த இடத்தின் வரைபடத்தையும் அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப முடிந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். பழைய கருவியாக இருந்திருந்தால் ஒன்றை நிறுத்தித்தான் மற்றதைச் செய்திருக்கவேண்டும்.

அலைவரிசைக்கு வருகிறேன். தாழ்ந்த அதிர்வெண் அலைகள் தொலைவாகச் செல்லும். மரங்களையும் சுவர்களையும் கடப்பதிலும் அவையே மேல். கோபுரத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே பாலையும் முதிரையும் அடர்ந்த காட்டுத்துண்டு ஒன்று கிடக்கிறது. 1800 மெகாஹேர்ட்ஸ், அதாவது அலைவரிசை 3, முற்றத்தில் கிடைத்தாலும் குசினிக்குள் வருவதில்லை. அலைவரிசை 8 எனப்படும் 900 அங்கும் வருகிறது. கருவியின் பெட்டியிலோ தயாரிப்பாளரின் தளத்திலோ இவ்விலக்கங்கள் இருக்கும். நகரத்தில் வாழ்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் கருவிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மெல்பேணிலுள்ள அக்கா தன்னுடைய பழைய கருவியை அன்போடு அனுப்பிவைத்தார். அவுஸ்திரேலியாவில் 2024 ஒக்டோபர் 28இல் டெல்ஸ்ராவும் ஒப்டஸும் 3ஜியை நிறுத்தத் தொடங்கின. அங்கே சில கருவிகள் சாதாரண அழைப்பை 4ஜியில் எடுத்தாலும் 000 என்ற அவசர இலக்கத்துக்கு 3ஜியையே நாடியதால், அவற்றைத் தடைசெய்யவேண்டுமென விதித்தார்கள். அக்காவின் கருவியும் அவற்றில் ஒன்று. இங்கே அதில் 4ஜி இணையம் வேகமாகவே வந்தது. ஆனால் நம் நாட்டு வலையமைப்புகளுக்குரிய வோல்டி அமைப்பு அதன் மென்பொருளில் இல்லாமையால், ஒவ்வொரு அழைப்புக்கும் 2ஜிக்கு இறங்கியது. வோல்டி என்று கருவியில் எழுதியிருப்பது போதாது. நம் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு எடுத்து, பேசும்போதும் திரையில் 4ஜி அடையாளம் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். அத்தோடு, 2025 தை 28 முதல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்படாத புதிய கருவிகளுக்கு இணைப்பு இல்லை. *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.ஈ.ஐ. எனப்படும் கருவியின் 15 இலக்க அடையாள எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்கவேண்டும்.

நான் 39,500 ரூபாவுக்கு வாங்கிய கருவியில் 3 கிகாபைட் நினைவகமும் 5000 மில்லியம்பியர் மணி மின்கலமும் உள்ளன. முதலாண்டில் இரண்டு நாள் நின்ற மின்கலம் இப்போது ஒரு நாளுக்குச் சற்று மேல் நிற்கிறது. மின்னேற்றும் துளை புழுதியால் தளர்ந்து, மல்லாவியில் 1,500 ரூபா கொடுத்து மாற்றினேன். பெற்றோர் குழுக்களின் படங்களால் சேமிப்பிடம் நிறைந்துவிடுகிறது. இவையெல்லாம் பொறுக்கக்கூடியவை. பொறுக்க முடியாதது, ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் வோல்டி தெரிவு தானாகவே அணைந்து கிடந்ததுதான். பத்து நாள்களாக அழைப்புகள் ஏன் தாமதிக்கின்றன என்று விளங்காமல் இருந்தேன். ஒவ்வொரு புதுப்பிப்பின் பின்னும் அமைப்புகளுக்குள் சென்று அதைப் பார்ப்பது இப்போது என் வழக்கமாகிவிட்டது.

சிம்மைத் தெரிவுசெய்ய மூன்று வலையமைப்புகளின் சிம்களையும் ஒவ்வொரு வாரத்துக்கு ஒன்றாக இரவல் வாங்கி, குசினி, கிணற்றடி, வயல் வரம்பு, பாடசாலை ஆகிய நான்கு இடங்களிலும் பேசிப் பார்த்தேன். ஊரார் புகழ்ந்த சிம் குசினிக்குள் வரவில்லை. ஆகவே அதை விட்டேன். பொதியைப் பொறுத்தவரை, சமூக ஊடகங்களுக்கு மட்டுமான மலிவுப் பொதியில் பரீட்சைத் திணைக்களத்தின் தளம் திறக்காது என்பதையும், இரவுத் தரவைப் பெரிய இலக்கமாகக் காட்டும் பொதியில் பகலுக்கு எஞ்சுவது சொற்பம் என்பதையும் காசு கொடுத்தே அறிந்தேன். எந்நேரமும் எதற்கும் பயன்படும் சிறிய 30 நாள் பொதியே எனக்குப் போதுமாயிற்று.

அம்மாவுக்கு வோல்டி உள்ள பொத்தான் கைத்தொலைபேசி வாங்கினோம். அவருடைய சிம் மீள்குடியேறிய 2010இல் எடுத்தது. பழைய சிம் ஆகையால் 4ஜிக்கு மாற்றவேண்டியிருந்தது. அது காலஞ்சென்ற அப்பாவின் பெயரில் பதிவாகியிருந்தபடியால், மரணச் சான்றிதழோடு இரண்டு தடவை நகரத்துக்குப் போய்வந்தோம். புதிய இலக்கம் எடுப்பது எளிது என்று அங்கே சொன்னார்கள். வங்கியும் கிராம அலுவலரும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் அறிந்தது அந்த ஓர் இலக்கத்தைத்தான் என்று அம்மா மறுத்துவிட்டார். மூன்றாம் வாரம் அதே இலக்கம் புதிய சிம்மில் வந்தது.