மூன்று வருடமாகக் குக்கரில் பாஸ்தா

செவ்வாயும் வியாழனும் எங்கள் வீட்டில் ராத்திரிக்குப் பாஸ்தாதான். மகளை நாட்டிய வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். மாவு இருந்தாலும் தோசைக்கல் முன்னால் நிற்கத் தெம்பு இருக்காது. ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று, மரக்கரண்டி ஒன்று, அவ்வளவுதான். மூன்று வருடமாக இப்படியே ஓடுகிறது.

ஆரம்பத்தில் நானும் முறைப்படிதான் செய்தேன். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது இத்தாலிக்காரர்கள் கணக்கு. எங்கள் மூன்று பேருக்கு 200 கிராம். இரண்டு லிட்டர் தண்ணீர் கொதித்து வருவதற்குள் பாதிப் பொறுமை போய்விடும். பிறகு வடிக்க ஒரு பாத்திரம், சாஸுக்கு ஒரு வாணலி. சாப்பிட்டு முடித்துத் திரும்பினால் சிங்க் நிறைந்திருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வேகவைக்கும் முறை 2013-ல் அமெரிக்காவில் சமையல், வீட்டுக் குறிப்புகளுக்குப் பெயர்போன மார்த்தா ஸ்டூவர்ட்டின் பத்திரிகையில் வந்து பிரபலமானது. பாஸ்தா, தக்காளி, வெங்காயம், பூண்டு, துளசி இனத்து இலை, எண்ணெய், தண்ணீர் எல்லாம் பச்சையாக ஒன்றாக அடுப்பில் ஏறும். வடிப்பதே இல்லை. படித்ததும் எனக்கு உறைத்தது ஒன்றுதான்: இது வடித்த சோற்றுக்கும் குக்கர் சோற்றுக்கும் உள்ள வித்தியாசம். நாம் கீழே ஊற்றும் அந்தக் கலங்கல் தண்ணீர் கஞ்சி. அது பாத்திரத்திலேயே நின்றால் தக்காளியோடும் எண்ணெயோடும் சேர்ந்து தானாகவே சாஸ் ஆகிவிடுகிறது. அரிசிக்குத் தண்ணீர் அளக்கத் தெரிந்த கைக்கு இது புது வித்தையே இல்லை.

திறந்த பாத்திரத்தில் 200 கிராமுக்கு 600 மில்லி தண்ணீர் பிடிக்கும். ஆனால் பக்கத்திலேயே நின்று கிளறவேண்டும், இல்லாவிட்டால் அடியில் ஒட்டும். நான்கைந்து மாதம் கிளறிப் பார்த்துவிட்டுக் குக்கருக்கு மாறினேன். அதில் ஆவி வெளியே போவது குறைவு, அதனால் 450 மில்லி போதும். நாட்டுத் தக்காளி மூன்று போட்டால் அதுவே கொஞ்சம் நீர் விடும்.

இப்போதைய முறை இது. குக்கரில் இரண்டு ஸ்பூன் எண்ணெய், ஆறு பல் பூண்டு, ஒரு பெரிய வெங்காயம். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் தக்காளி, மிளகாய்த்தூள், முக்கால் ஸ்பூன் உப்பு. இந்த உப்பில்தான் முதலில் ஏமாந்தேன். வடிக்கும் முறையில் பெரும்பகுதி உப்பு தண்ணீரோடு போய்விடும், இங்கே போட்டது அத்தனையும் தட்டுக்கு வரும், போதாததற்கு சீஸிலும் உப்பு. பிறகு பென்னே என்ற குழல் வடிவப் பாஸ்தா, தண்ணீர். ஒருமுறை நன்றாகக் கிளறி, அடியில் எதுவும் ஒட்டவில்லை என்று கரண்டியால் சுரண்டிப் பார்த்துவிட்டு மூடி, பெரிய தீயில் ஒரே விசில். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து வெயிட்டை மெல்லத் தூக்கி மிச்ச ஆவியை விடுவேன்.

திறந்ததும் ரசம் மாதிரி இருக்கும். பயந்து மறுபடி அடுப்பில் வைக்கவேண்டாம். இரண்டு சீஸ் க்யூபைத் துருவிப் போட்டு ஒரு நிமிடம் விடாமல் கிளறினால், கண் முன்னாலேயே தண்ணீர் இறுகிப் பாஸ்தாவின் மேல் பூசிக்கொள்ளும். தட்டில் போட்டபின்னும் இறுகும், அதனால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே பரிமாறிவிடுவேன். பொங்கல் கணக்குதான்.

சொதப்பல்களும் உண்டு. ஒருநாள் விருந்தாளிகள் வந்தார்கள் என்று அரைக் கிலோவை மூன்று லிட்டர் குக்கரில் திணித்தேன். மாவுத்தண்ணீர் நுரைத்துக்கொண்டு விசில் வழியாகப் பீய்ச்சி, சுவர் டைல்ஸ் முழுக்க ஆரஞ்சு நிறம். அதைவிட மோசம், வெயிட் உட்காரும் துளையில் கஞ்சி காய்ந்து அடைத்திருந்தது. ஆவி போகும் வழி அடைபட்டால் விளையாட்டில்லை. அன்றிலிருந்து குக்கரில் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. ஒவ்வொரு முறை கழுவும்போதும் அந்தத் துளையை விளக்குமாற்று ஈர்க்குச்சியால் குத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.

வெள்ளை சாஸ் ஆசையில் தக்காளியோடு பாலையும் சேர்த்து மூடியது இன்னொரு கூத்து. புளிப்புக்குப் பால் திரிந்து, திப்பி திப்பியாக நின்றது. பால் வேண்டுமென்றால் தக்காளியை விட்டுவிடவேண்டும், அதுவும் குக்கரைத் திறந்த பிறகு ஊற்றவேண்டும். நான் இப்போது செய்வதே இல்லை.

பாஸ்தா வாங்கும்போது காசு பார்த்தால் இந்த முறைக்கு ஒத்துவராது. உள்ளூர் மளிகைக் கடையில் உதிரியாக வாங்கிய மலிவு மக்ரோனி ஒரு விசிலுக்கே கூழாகிவிட்டது. பாக்கெட்டின் பின்னால் டியூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தே எடுக்கிறேன், அது கெட்டியான கோதுமை வகை, கொஞ்சம் கூடுதல் வெந்தாலும் உருவம் குலையாது. பென்னே, திருகு வடிவ ஃபுசில்லி இரண்டும் குக்கருக்குத் தோது. ஸ்பெகட்டியை உடைத்துப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாக வரும். ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும்: கடித்தால் நடுவில் லேசாக விறைப்பு நிற்கும் அந்தப் பதம் குக்கரில் எனக்கு எப்போதாவதுதான் அமைகிறது. அந்தப் பதம்தான் பாஸ்தா என்பவர்களுக்குத் திறந்த பாத்திரமே கதி.

மிச்சம் வைக்காத அளவு செய்வது உத்தமம். காலையில் டிபன் டப்பாவில் போட்டுக் கொடுத்தால் மதியம் மகள் திறக்கும்போது டப்பா வடிவிலேயே கட்டியாக வந்து விழுமாம்.

பொள்ளாச்சியிலிருந்து அத்தை வந்திருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டிக்கொண்டார். ஒரு வாய் எடுத்துவிட்டு, "ஏங் கண்ணு, சந்தகையத் தக்காளிச் சட்டினில ஊறப் போட்ட மாதிரி இருக்குது" என்றார். சந்தகை என்பது கொங்கு நாட்டு இடியாப்பம். தப்பில்லை, ஏறக்குறைய அதுதான். பிறகு கடுகு, கறிவேப்பிலை தாளித்து மேலே கொட்டிக்கொண்டு சாப்பிட்டார். எனக்கும் அது பிடித்துப்போய், இப்போது பாதி நாள் அப்படித்தான்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று கேஸ்கெட். பூண்டும், சில நாள் தூவும் ஆரிகனோ என்ற வாசனை இலைத்தூளும் ரப்பரில் ஏறினால் எந்தச் சோப்புக்கும் இறங்காது. போன தைப்பொங்கலுக்கு அதே குக்கரில் வைத்த சர்க்கரைப் பொங்கலை என் வீட்டுக்காரர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதுல பீட்சா வாசம் வருதே" என்றார். மறுநாளே இன்னொரு கேஸ்கெட் வாங்கினேன். பழையது இப்போது சமையலறை ஆணியில் தொங்குகிறது, செவ்வாய் வியாழனுக்கு மட்டும்.