ஒற்றைக் கோப்பும் ஒரு டிஎல்ஓப்பனும்: நான்கு ஆண்டு அனுபவம்

பதிவுக் கோப்புகளைப் படித்துத் தரவுத்தளத்தில் ஏற்றும் சிறு கருவி ஒன்றைச் சி மொழியில் எழுதி, நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். ஸ்டாட்டிக் லிங்கிங் செய்த, அதாவது வேண்டிய லைப்ரரிகளை எல்லாம் உள்ளேயே அடக்கிக்கொண்ட ஒற்றைக் கோப்பு. எந்த லினக்ஸ் சர்வரில் போட்டாலும் ஓடும். தரவுத்தளத்தோடு பேசும் லைப்ரரியான டிரைவரை ஓடும்போதே ஏற்றிக்கொள்ளலாம் என்று, அதைச் செய்யும் டிஎல்ஓப்பன் (dlopen) என்ற அழைப்பைச் சேர்த்தேன். அந்தப் பெருமை அன்றோடு போயிற்று.

நிரலையும் லைப்ரரிகளையும் இணைக்கும் லிங்கர் முதல் நாளே சொன்னது: எந்த ஜிலிப்சி (glibc, பெரும்பாலான லினக்ஸ்களில் இருக்கும் சி லைப்ரரி) பதிப்போடு இணைத்தீர்களோ, ஓடும் இடத்திலும் அதே பதிப்பின் லைப்ரரிகள் வேண்டும் என்று. எச்சரிக்கைதானே, பிழை இல்லையே என்று விட்டுவிட்டேன். உபுண்டு 20.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.31. அங்கேயே தொகுத்து அங்கேயே ஓட்டியவரை ஒரு குறையும் இல்லை. 2.35 இருக்கும் 22.04-க்கு மாறிய அன்று, டிஎல்ஓப்பன் அழைத்த இடத்திலேயே செக்மென்டேஷன் ஃபால்ட்; தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு நிரல் கவிழ்ந்தது.

டிரைவர் தனியாக வருவதில்லை; தனக்கு வேண்டிய லிப்சியையும் (சி லைப்ரரி) கையோடு கூட்டிவருகிறது. என் நிரலுக்குள் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. ஒன்றின் மாலக் ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்கச் சொல்லி மற்றதன் ஃப்ரீயிடம் கொடுத்தால் நிரலின் கதை தீர்ந்தது. அதைவிட மோசம் டிஎல்எஸ், அதாவது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (நிரலின் தனி ஓட்டம்) உரிய தனி நினைவகம்: த்ரெட்டுக்கு ஒரே சுட்டிதான், அது காட்டும் இடத்தின் உள்ளமைப்போ பதிப்புக்குப் பதிப்பு வேறுபடலாம். ஸ்டாட்டிக் நிரலில் டிஎல்ஓப்பன் அழைக்கும் வசதியைக் கைவிடப்போவதாக ஜிலிப்சி 2018-இலேயே, 2.27 வெளியீட்டில் அறிவித்துவிட்டது என்பதை அப்புறம்தான் படித்தேன்.

மஸ்ல் (musl) என்ற இன்னொரு சி லைப்ரரிக்கு மாறிப் பார்த்தேன். ஸ்டாட்டிக் நிரலில் அதன் டிஎல்ஓப்பன் பெயருக்குத்தான் இருக்கிறது. வெற்றுச் சுட்டியைத் திருப்பிவிட்டு, டைனமிக் லோடிங்குக்கு ஆதரவில்லை என்கிறது. முதலில் எரிச்சல் வந்தது. நள்ளிரவில் கவிழ்வதைவிட வாசலிலேயே கையை விரிப்பது மேல் என்று இப்போது தோன்றுகிறது.

காஸ்மோபாலிட்டன் என்ற மற்றொரு லிப்சியின் வழி வேறு. லைப்ரரிகளை ஏற்றித் தரும் இயந்திரத்தின் சொந்த லோடரைக் கொண்டு ஓர் உதவி நிரலைத் தொடங்கி, வெளி லைப்ரரியை அழைக்கும் ஒவ்வொரு முறையும் டிஎல்எஸ்ஸை மாற்றிக்கொள்கிறது. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை ஒற்றைக் கோப்பாக ஓட்டும் லாமாஃபைல், ஜிபியு லைப்ரரிகளை ஏற்றுவது இப்படித்தான். கெட்டிக்கார வேலை, ஆனால் கோளாறு வந்தால் என்னால் பிரித்துப் பார்க்க முடியாது.

கடைசியில் டிரைவரைத் தனிச் சிறு நிரலாகப் பிரித்து, சாதாரண டைனமிக் லிங்கிங்கில் 2.31-இல் தொகுத்தேன், 2.35-இலும் மறுபேச்சின்றி ஓடுகிறது. இரண்டு நிரல்களும் பைப் (ஒன்றின் வெளியீட்டை மற்றதற்கு அனுப்பும் குழாய்) வழியே பேசிக்கொள்கின்றன. ஒன்றரை ஆண்டாகத் தொல்லை இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் இன்னும் வருகிறது. மையச் சர்வருக்கு நிலவரம் அனுப்பும் பகுதியில், சர்வரின் பெயரைக் கொண்டு ஐபி எண்ணைக் கண்டுபிடிக்கும் கெட்அட்ரின்ஃபோ (getaddrinfo) இருக்கிறது. பெயர் தேட அதுவும் உள்ளுக்குள் லைப்ரரி ஏற்றப் பார்க்கும். அந்தத் தேடலே வேண்டாம் என்று, அமைவுக் கோப்பில் ஐபி எண்ணையே எழுதி வைத்திருக்கிறேன்.