வாடிக்கு வாடி விக்கிற ‘வள்ளத்துப் பிரிட்ஜ்’: காசு குடுக்க முதல் இதைப் பாருங்கோ

முல்லைத்தீவு நாயாறு, கொக்கிளாய்ப் பக்கத்து மீன் வாடிகளில், வள்ளத்தில் மீன் வைக்கிற பிரிட்ஜ், “இனி ஐஸ் காசு மிச்சம்” எண்டு சொல்லித் தலையில் கட்டிவிட்டுப் போன பெட்டி பிரிட்ஜே இல்லை. பின்பக்கத்தைக் கழட்டினால் பிரிட்ஜைக் குளிராக்கிற கொம்பிரசர் கிடையாது. நாலு சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு வெள்ளைத் தகடு, இரண்டு பக்கமும் அலுமினியம், ஒரு காற்றாடி. பெல்ற்றியர் தகடு எண்டுறது இதைத்தான்: கரண்ட் விட்டால் ஒரு பக்கம் குளிரும், மற்றப் பக்கம் சுடும்.

வெளிச் சூட்டைவிட 15, மிஞ்சினால் 20 பாகைதான் இது குறைக்கும். வெயில் 34 எண்டால் உள்ளே 14. மீனுக்கு வேண்டியது 0. சூரை 14 பாகையில் கிடந்தால் ஹிஸ்டமின் எண்ட நஞ்சு ஊறும். பிறகு எவ்வளவு கொதிக்க வைச்சாலும் அது போகாது. திண்டவருக்கு முகம் சிவந்து உடம்பு தடிக்கும்.

ஏமாத்தின விதம் சின்னது. ஐஸில் கிடந்த சோடாப் போத்தலுகளை முதலே உள்ளே அடுக்கிக்கொண்டு வந்து, “தொட்டுப் பாருங்கோ அண்ணை” எண்டது. எத்தினை அம்பியர் எண்டு கேட்டால் பதில் இல்லை. மூடியில் ‘ஹொட் – கோல்ட்’ எண்டு ஒரே ஆளி இருந்தால் அது பெரும்பாலும் பெல்ற்றியர்தான். தூக்கினால் பாரமும் இராது. சூடான தண்ணிப் போத்தல் ஒண்டை வைச்சு விடிய மட்டும் விடச் சொல்லுங்கோ, விடிய அது ஐஸ்போலக் குளிர்ந்திருக்கவேணும். அதுக்குச் சம்மதிக்காதவரிட்டை வாங்காதையுங்கோ.

உண்மையான 12 வோல்ற் கொம்பிரசர்ப் பெட்டி எண்டாலும் கணக்கு ஒத்துவராது. 40 லீற்றர்ப் பெட்டி ஓடேக்கை 4 அம்பியர் அளவில் இழுக்கும். பாதி நேரம் ஓடினாலே 24 மணித்தியாலத்துக்கு 48 அம்பியர்-மணி. 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதிக்கு மேலே இழுத்தால் அதின்ரை ஆயுள் குறையும். அந்தப் பற்றரி 25 கிலோவுக்கு மேலே. கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணுற சின்ன எஞ்சின் பலதில் பற்றரிக்குச் சார்ஜ் ஏத்துற கொயிலே இல்லை.

அதைவிடப் பெரிய விசயம்: 20 கிலோ மீனை 28 பாகையிலிருந்து 0க்கு இறக்க 6 கிலோ ஐஸ் உருகினால் போதும். அதே வேலைக்குக் கொம்பிரசர்ப் பெட்டி விடாமல் ஒன்பது மணித்தியாலம் ஓடவேணும். பெல்ற்றியர் எவ்வளவு நேரம் ஓடினாலும் 0க்கு வராது. பின்னேரம் போய் விடியக் கரை பிடிக்கிற வள்ளத்துக்கு இது எதுக்கு? பலநாள் படகுகளே கூடுதலாய் ஐஸைத்தான் ஏத்திக்கொண்டு போகினம்.

அந்தக் காசை ஐஸ் பெட்டியில் போடுங்கோ. 2 அங்குல ரெஜிபோமுக்குப் பதில் 4 அங்குல நுரை, மேலே பைபர், மூடி விளிம்பில் றப்பர், அடியில் அடைப்போடை வடிகால் துவாரம். ஐஸை நொறுக்கிப் போடவேணும். கட்டியாய்ப் போட்டால் மீனில் அங்கங்கைதான் முட்டும். மூடியால் ஏறுற சூட்டுக்கும் சேர்த்து ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ்.

ஏற்கனவே வாங்கினவை பற்றுச்சீட்டோடை பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். காசு திரும்பாட்டில் தகட்டைக் கழட்டி ஓட்டையை நுரையால் அடையுங்கோ, சாப்பாடு கொண்டுபோக ஒரு ஐஸ் பெட்டி மிச்சம். காற்றாடி வாடிக்குள்ளை புகை போக உதவும்.