டெய்லர் யூயூசிபி: பூப்பாறைக்கும் போடிக்கும் நடுவே ஆறு வருடம்

கேரளத்தின் இடுக்கி மலையில் உள்ள பூப்பாறையில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் 2003 முதல் ஆறு வருடம் கணக்கு பார்த்தேன். முதலாளியின் கமிஷன் மண்டி கீழே போடியில். நடுவே போடிமெட்டு, 17 கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து எடைச் சீட்டும் கூலிக் கணக்கும் போகும், கீழேயிருந்து ஏல விலை வரும். எல்லாம் ஈமெயில்தான். ஆனால் இன்டர்நெட் கிடையாது. எஸ்.டி.டி. போட்டு, கணினியைப் போன் லைனில் இணைக்கும் மோடம் அந்தப் பக்கத்து மோடத்தோடு பேசும். அதை நடத்திக்கொடுத்த இலவச மென்பொருள் டெய்லர் யூயூசிபி.

யூயூசிபி என்பது போன் லைன் வழியாகக் கணினிக்குக் கணினி கோப்பு அனுப்பும் முறை, 1970களில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதையே இயன் லான்ஸ் டெய்லர் புதிதாக எழுதியதுதான் இது. கடிதங்களைச் சேர்த்து வைத்து, குறித்த நேரத்துக்குத் தானே டயல் செய்து, கொடுக்கல் வாங்கலை முடித்துப் போனை வைத்துவிடும். இதன் 'ஐ' புரோட்டோகாலில், அதாவது 'ஐ' என்ற பரிமாற்ற விதிமுறையில், ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் கோப்புகள் ஓடும். மழையில் லைன் அறுந்தாலும், அடுத்த அழைப்பில் விட்ட இடத்திலிருந்தே தொடரும். இதற்காகவே இதைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

முதல் மாதம் நிறுவினபடியே ஓட்டினோம். ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு, ஒவ்வொன்றுக்கும் தனியாக அனுமதி, தனியாக ரசீது. பில் ஏறியது. அப்புறம்தான் எக்ஸிம் மெயில் சர்வரில் பேட்ச் எஸ்எம்டிபி முறையைப் போட்டேன். யார் அனுப்பியது, யாருக்கு என்ற விவரத்தோடு கடிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே கோப்பில் எழுதி, அதை ஜிஜிப் என்ற சுருக்கும் மென்பொருளில் சுருக்கி அனுப்பும். அந்தப் பக்கம் விரித்து எக்ஸிமிடமே கொடுத்துவிடும்.

சேர்த்துக் கட்டுவதில்தான் சூட்சுமம். ஜிஜிப் தான் கடைசியாகப் பார்த்த 32 கேபியை (கிலோபைட்) நினைவில் வைத்திருக்கும். எங்கள் கடிதங்களில் தலைப்பு வரிகள் திரும்பத் திரும்ப அதேதான், எடைச் சீட்டின் அச்சும் அதே. தனித்தனியாகச் சுருக்கினால் ஒவ்வொன்றும் பாதிதான் குறைந்தது. 40 கடிதத்தையும் ஒரே கட்டாகச் சுருக்கினால் 160 கேபி 30-க்குள் அடங்கிற்று. மோடமே சுருக்குமே என்பார்கள். சுருக்கும்தான், ஆனால் அதன் நினைவு ரொம்பச் சின்னது.

மாதக் கடைசியில் போடியிலிருந்து முதலாளி கூப்பிட்டார்: "ஏம்ப்பா, பில்லு இம்புட்டுதான் வந்திருக்கு, லைன் செத்துக் கிடந்துச்சா?"

ஏலக்காய் போட்டோக்களுக்கு இந்தச் சுருக்கல் உதவாது. போட்டோவின் ஜேபெக் கோப்பு ஏற்கெனவே சுருங்கியது. மெயிலில் ஏறும்போது மூன்று பைட் நான்காகிறது, அந்த உபரியை மட்டும்தான் ஜிஜிப் திரும்ப வாங்கித் தரும். அதனால் பெரிய கோப்புகளை, கட்டணம் குறைவான ராத்திரிக்கு ஒதுக்கினேன். எந்த நேரத்தில் எவ்வளவு பெரிய கோப்பு போகலாம் என்று வரம்பு வைக்க இதிலேயே வசதி இருக்கிறது. 56கே மோடம் வாங்கிப் பணத்தை விரயமாக்க வேண்டாம். இரண்டு சாதாரண லைனுக்கு நடுவே வேகம் நொடிக்கு 33.6 கிலோபிட்டுக்கு மேல் ஏறாது. எங்களுக்கு ஆடி மழையில் 14.4 கிடைத்தாலே பெரிது.

ஒரு குறை உண்டு. கட்டில் ஒரு கடிதம் பழுதானால் எக்ஸிம் அங்கேயே நின்றுவிடும், பின்னால் உள்ளவையும் நிற்கும். எங்கள் பில்லிங் புரோகிராம் முகவரி நடுவே ஓர் இடைவெளியை விட்டதால் 12 கடிதம் ஒரு நாள் முழுக்கக் கிடந்தன, அதில் மறுநாள் ஏலத்துக்கான லாட் எடையும் ஒன்று. அன்றிலிருந்து ஒரு கட்டுக்கு 20 கடிதம்தான் என்று வைத்தேன்.